லிங்க்ட்இன் பக்கம் திருத்தித் தருபவர், ஐந்து ரோடு: 1,800 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

வேலை தேடுபவர்களும் ஆள் எடுப்பவர்களும் புழங்குகிற இணையதளமான லிங்க்ட்இன்னில் நம் பக்கத்தைச் சேலத்திலேயே சரிபண்ணிக் கொடுக்க ஆள் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் போகிற வழியில், ஒரு டி.டி.பி. கடைக்கு மேலே ஒற்றை அறை. போர்டு கிடையாது. பெங்களூரில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்த பெண் நடத்துகிறார். ஒரே ஆள்தான் செய்கிறேன், கூட்டம் வந்தால் தாங்காது, பெயர் போடாதீங்க என்று கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை. கீழே கடையில் விசாரித்தால் மாடிப்படியைக் காட்டுவார்கள்.

நான் ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ, அதாவது ஜவ்வரிசி, பேக்டரியில் லேப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் வேலை மாற லிங்க்ட்இன் எல்லாம் வேண்டாம், ஒரு போன் போதும். ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் பக்கம் வந்துபோகிற வியாபாரி யாராவது "அந்தம்மா நல்லா பண்ணுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் சேகோவை விட்டு வெளியே போக, அதாவது ஸ்டார்ச்சை வாங்கிப் பிஸ்கட்டோ மாத்திரையோ செய்கிற கம்பெனிகளுக்குப் போக, அந்தப் போன் உதவாது. அவர்கள் ஆள் தேடுகிற இடம் வேறு.

இதற்கு முன்னால் ஆன்லைனில் ஒரு பேக்கேஜ் வாங்கியிருந்தேன். முதல் நாளே பாஸ்வேர்டு கேட்டார்கள். லிங்க்ட்இன் விதிப்படியே அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுக்கவில்லை. பிறகு அனுப்பி வைத்தது "ரிசல்ட் ஓரியண்டட், டைனமிக், ஹார்டுவொர்க்கிங் புரொஃபஷனல்" என்று தொடங்கும் ஒரு பத்தி. என் பெயரை எடுத்துவிட்டு ஒரு பேங்க் மேனேஜர் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும்.

இங்கே நடந்தது வேறு மாதிரி. போய் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, காலையில கேட்டுக்குள்ள போனதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"பாயிண்ட் பாப்பேன்."

"அப்படின்னா?"

சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தும் கேட்டார் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. தெரிந்த மாதிரி தலையாட்டவில்லை. விளக்கினேன். குச்சிக்கிழங்கு லோடு வந்ததும் மாதிரி எடுத்துக் காற்றில் ஒரு எடை, தண்ணீருக்குள் மூழ்கவிட்டு ஒரு எடை. அந்த வித்தியாசத்திலிருந்து மாவுச்சத்து எவ்வளவு என்று கணக்கு வரும். அதுதான் பாயிண்ட். விலை பேசுவதே பாயிண்டை வைத்துத்தான். நான் 26 என்பேன், கிழங்கு கொண்டுவந்தவர் 28 என்று நிற்பார். மண் ஒட்டியிருந்தால் தண்ணீர் எடை கூடிப் பாயிண்ட் ஏறும், கழுவினால் இறங்கும். அதனால் அவர் கண் முன்னாலேயே கழுவச் சொல்லி, மூட்டையை அவரையே காட்டச் சொல்லி, இரண்டாவது மாதிரி எடுப்பேன். தராசை அவரே பார்த்துக்கொள்ளலாம். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

"இதை ஏன் எங்கேயும் எழுதல?" என்றார். என் பழைய பக்கத்தில் இந்த வேலைக்கு இருந்த ஒரே வரி, "ரா மெட்டீரியல் இன்ஸ்பெக்‌ஷன்".

அப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். ஜவ்வரிசி பளிச்சென்று வெள்ளையாக இல்லாவிட்டால் மார்க்கெட்டில் விலை கிடைக்காது. அதற்காகக் கெமிக்கல் போட்டு வெளுப்பதும், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து சீல் வைப்பதும் இந்த ஊர்ப் பேப்பரில் எல்லோரும் படித்த கதைதான். எங்கள் பேக்டரியில் தோலை முழுசாக உரித்து, தண்ணீரை மாற்றி, மருந்து இல்லாமலேயே நிறம் கொண்டுவருகிறோம். அதற்கு முதலாளியைச் சம்மதிக்க வைக்க நான் மாதிரித் தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது, மாதிரியை எரித்தபின் மிஞ்சுகிற சாம்பல் 0.4 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று ஒவ்வொரு லாட்டுக்கும் ரிப்போர்ட் எழுதுவது, இதெல்லாம் நோட்டில் ஏறியது. அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன். மீதியெல்லாம் பட்டன் அமுக்குகிற வேலை.

அந்தப் பட்டன்களிலும் சிலது தெரிந்துவைக்க வேண்டியவைதான். பெயருக்குக் கீழே வருகிற ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் உண்டு. நாம் ஒன்றும் எழுதாவிட்டால் பதவியையும் கம்பெனியையும் மட்டும் அதுவே போட்டுக்கொள்ளும். போனில் தேடுகிறவர்களுக்கு அதில் முன்பாதிதான் தெரியும். அதனால் "டேபியோகா ஸ்டார்ச், ஜவ்வரிசி தரக்கட்டுப்பாடு" என்பதை முதலில் வைத்தார். நம்மைப் பற்றி நாமே எழுதுகிற அபவுட் பகுதிக்கு 2,600 எழுத்து. ஆனால் முதல் சில வரிகள்தான் கண்ணில் படும், மீதியைத் தட்டித் திறந்தால்தான் உண்டு. பாயிண்ட் சண்டையை அந்த முதல் வரிகளில் வைத்துவிட்டார். ஸ்கில்ஸ் 100 வரைக்கும் போடலாம் என்று இருக்கிறது. "மைக்ரோசாஃப்ட் வேர்டு", "டீம் வொர்க்" எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, ஸ்டார்ச் டெஸ்டிங், ஈரப்பதம், விஸ்காசிட்டி என்று லேபில் உள்ளதை மட்டும் விட்டார்.

பதவியை "குவாலிட்டி மேனேஜர்" என்று போடலாமா என்று நான் கேட்டதற்கு, "ஆர்டர்ல என்ன இருக்கு?" என்றார். இன்சார்ஜ். "அப்ப இன்சார்ஜ்தான். நாளைக்கு சர்ட்டிபிகேட் சரிபார்க்கறப்ப யாரு பதில் சொல்றது?" சரியான பேச்சு.

முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் நம்மில் பலருக்கு இருக்கும். மாற்றம் செய்வதை எல்லாம் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கிற ஒரு சுவிட்ச் உண்டு. முதலில் அதை ஆஃப் செய்தார். வேலை தேடுகிறேன் என்று காட்டுவதிலும் இரண்டு வகை. ஒன்று, போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம், ஊருக்கே தெரியும். இன்னொன்று, ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும். இரண்டாவதைப் போட்டோம். நம் கம்பெனியின் ஆள் எடுப்பவர்கள் கண்ணில் படாமல் இருக்க லிங்க்ட்இன் பார்த்துக்கொள்ளும், ஆனால் முழு உத்தரவாதம் கொடுப்பதில்லை. எங்கள் முதலாளி இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், அந்தக் கவலை எனக்கு இல்லை. பச்சை வளையம் போட்டிருந்தால் மட்டும் சாயங்காலத்துக்குள் அம்மாபேட்டை வரைக்கும் சேதி போயிருக்கும்.

இனி குறைகள். சொன்ன நாளில் தரவில்லை. சனிக்கிழமை என்றார், அடுத்த வாரம் நடுவில்தான் வந்தது, வாட்ஸ்அப்பில் கேட்டாலும் ராத்திரிதான் பதில். போட்டோ அவரே ஜன்னல் பக்கம் நிற்கவைத்துப் போனில் எடுத்தார். பாதி முகம் இருட்டு. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் தனியாக எடுத்துக்கொண்டேன், அந்தச் செலவு என் தலையில். மேலே வரும் பேனருக்கு ஏற்காடு ஏரிப் படத்தைப் போட்டுவிட்டார். சேலத்துக்காரர்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அதே ஏரி, அதே படகு. என் வேலைக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? சிமெண்ட் களத்தில் ஜவ்வரிசி காய்கிற படம் என் போனிலேயே இருந்தது, அதைப் போடச் சொன்னேன். முணுமுணுத்தாலும் மாற்றினார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, அதைவிட ஏரி பெரிதா?

ஆங்கிலத்தில் ஓரிடத்தில் "பேஷனேட் அபவுட் ஸ்டார்ச்" என்று எழுதியிருந்தார். மாவு எடுத்தபின் மிஞ்சுகிற கிழங்குச் சக்கை, அந்தத் திப்பி நாற்றத்தில் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு எழுதட்டும். எடுக்கச் சொன்னேன்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள்தான் செய்தி அனுப்புவார்கள். இப்போது ஐதராபாத்திலிருந்து ஒரு ஸ்டார்ச் கம்பெனிக்கு ஆள் தேடுபவரும், கோயம்புத்தூரில் ஓர் உணவுக் கம்பெனியும் பேசினார்கள். கோயம்புத்தூர்க்காரர் போனில் முதலில் கேட்டதே, "அந்தக் கிழங்கு எடைத் தகராறை எப்படித் தீர்க்கறீங்க, சொல்லுங்க" என்றுதான். வேலை இன்னும் கையில் வரவில்லை. நேர்முகம் சீசன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். காசு கட்டி பிரீமியம் எடுக்கணுமா என்றதற்கு, இப்போதைக்கு வேண்டாம், யார் பார்த்தார்கள் என்று கொஞ்சம் பேரை இலவசத்திலேயே காட்டும், அது போதும் என்றார்.

நான் போன அன்று கருப்பூர் பக்கம் படிக்கிற பையன் ஒருவன் காத்திருந்தான். ஹெட்லைனில் "ஃபவுண்டர், சி.இ.ஓ." என்று போட்டிருந்தான், கம்பெனி எது என்றால் சிரிக்கிறான். "தம்பி, உன் பிராஜெக்ட்ல நீ பண்ணுன பாகத்தை மட்டும் ஒரு பக்கம் எழுதிட்டு வா, காசு அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பக்கம் மட்டும் 1,800 ரூபாய், ரெஸ்யூமும் சேர்த்தால் 2,500. ஜிபே உண்டு, பில் கேட்டால் கையால் எழுதித் தருவார். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டம். படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் போனிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம். வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினால் டி.டி.பி. அண்ணன் கத்துவார், பக்கத்துச் சந்தில் விடுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்று அந்த ஏரிக்காகக் குறைத்தது.