திருகோணமலையில் வீட்டுப் பிளான் கீறக் குடுக்கிற ஆக்களுக்கு: மிச்சக் காசு குடுக்க முதல் கூட்டிப் பாருங்கோ

டவுனுக்குள்ள 6 பேர்ச் காணி. கீழே கடை, மேலே வீடு. பிளான் கீறினவர் முழுக்காசையும் வாங்கிக்கொண்டு, கலர் கலரா 3டி படம் நாலும் பீடிஎஃப் ஒன்றும் குடுத்திட்டுப் போனை எடுக்கிறதை நிப்பாட்டிட்டார். பேர் எழுதவில்லை, அந்தப் பிளானில் என்ன பிழை என்று மட்டும் எழுதுகிறோம். இதே பிழை வேற பிளான்களிலும் இருக்கும்.

முதல் கோளாறு அகலம். சேர்வே பிளானில் முகப்பு 8.0 மீற்றர், அதாவது 26 அடி 3 அங்குலம். இவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பக்கத்து மதிலில் டேப்பைப் பிடித்து 27 அடி என்று போட்டிருக்கிறார். அந்த 9 அங்குலம் ஒரு முழுச் சுவர்.

மேல்மாடிக் குறுக்களவு இப்படி: அறை 10 அடி, படிக்கட்டு 6 அடி, அறை 11 அடி. கூட்டினால் சரியா 27. அப்ப சுவர் எங்கே? வெளிச்சுவர் இரண்டு 9 அங்குலம், உட்சுவர் இரண்டு நாலரை அங்குலம், மொத்தம் 2 அடி 3 அங்குலம். காணியில் குறைந்த 9 அங்குலத்தையும் சேர்த்தால் 3 அடி காணோம். பூச்சு இன்னும் கணக்கில் இல்லை. படிக்கட்டில் 6 அடிக்குக் கீழே கைவைக்க ஏலாது, ஆகவே அறைகளில்தான் வெட்டு விழும். 10 அடி அறை எட்டரை ஆகும். 6 அடிக் கட்டில், 2 அடி அலுமாரி வைத்தால் மிச்சம் அரை அடி. அலுமாரிக் கதவு திறக்காது.

படிக்கட்டு இதைவிட மோசம். தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம். படத்தில் எண்ணினால் 13 ஏற்றம், அதாவது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் தூக்கிற உயரம் 13. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 9.7 அங்குலம் வரும், அம்மம்மா ஏறின மாதிரித்தான். 7 அங்குலமா வைத்தால் 18 ஏற்றம் வேணும். ஒன்பது ஒன்பதா மடக்கினால், ஒரு பக்கத்துக்குக் கால் வைக்கிற 10 அங்குல மிதி எட்டு (ஒன்பதாவது ஏற்றம் லாண்டிங்கில் முடியும்), 6 அடி 8 அங்குலம். லாண்டிங் 3 அடி. மொத்த நீளம் 9 அடி 8 அங்குலம். அவர் விட்டது 7 அடி.

மலக்குழியின் சோக்கேஜ் பிட், அதாவது கழிவுத்தண்ணி மண்ணுக்குள்ள ஊறுற குழி, சொந்தக் கிணற்றுக்கு 12 அடியில். பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) 50 அடி கேட்பார். பக்கத்து வளவுக் கிணறு படத்திலேயே இல்லை. இங்கத்தை மணலில் தண்ணி எவ்வளவு மேலே நிற்கும் என்று ஊராருக்குச் சொல்லவே தேவையில்லை.

மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, சன்ஷேட் கிடையாது. மேற்கிலிருந்து கச்சான் சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த ஹோலில் இருந்து பார்க்கட்டும். மலைநாட்டு வீடொன்றின் பிளானைத் திருப்பிப் போட்டிருக்கிறார் என்பது எங்கட ஊகம். வடக்கு அம்புக்குறியும் பிழை.

அனுமதிக் கதை வேற. 'சைன் எடுத்துத் தாறன்' என்றிருக்கிறார். யார்ர சைன் என்று யாரும் கேட்கவில்லை. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் கரையோர வலயம். டவுன் இரண்டு பக்கமும் கடல். அதுக்குள்ள வாற காணிக்குச் சபை அனுமதியோட கரையோரம் பேணல் திணைக்களத்திலும் விசாரிக்க வேணும். இவர் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

காசைத் துண்டு துண்டாக் குடுங்கோ: சேர்வே பிளானை வைத்துக் கீறின முதல் வரைபடத்துக்கு ஒரு பங்கு, பீம் தூண் கம்பி விபரத்தோட ஒரு பங்கு, சபை ஏற்றுக்கொண்ட பிறகு கடைசிப் பங்கு. பீடிஎஃப் மட்டும் போதாது, கேட் (CAD) ஃபைலையும், அதாவது கம்பியூட்டரில் திருத்தக்கூடிய மூல வரைபடத்தையும் வாங்குங்கோ. அது இல்லாததால இந்தக் காணிக்கு இப்ப முதலிலிருந்து திரும்பக் கீறுப்படுகுது.