கோவைக்குக் குடிவருபவர்கள் கவனத்துக்கு: குழாயைத் திறந்து பார்த்தால் மட்டும் போதாது

பருப்பு வேகவில்லை. அதில்தான் எல்லாம் வெளியே வந்தது.

ஜூலை முதல் வாரம். குக்கரில் ஆறு விசில் விட்ட பிறகும் துவரம்பருப்பு முழுசு முழுசாக அடியில் கிடந்தது. கும்பகோணத்தில் எந்தத் தண்ணீரில் போட்டாலும் மூன்றாவது விசிலில் மசிந்துவிடும் பருப்பு. கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான் என்று நான் திட்டினேன். என் மனைவிதான், "பருப்பு மேல தப்பில்லைங்க, ரெண்டு நாளா நல்ல தண்ணிக் குழாய்ல காத்துதான் வருது. உப்புத் தண்ணியிலதான் வெச்சேன்" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கேயே ஒரு விளக்கம். கோவையில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணி, போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. வாடகை விளம்பரத்திலேயே இரண்டையும் தனித்தனியாகப் போடுவார்கள். நல்ல தண்ணி பெரும்பாலும் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், வாசலுக்குக் கீழே சம்ப் கட்டி அதில் பிடித்து வைத்துச் சமையலுக்கும் குடிக்கவும் எடுப்பார்கள். காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு இந்தப் பாகுபாடு புதிது. அதுதான் புரோக்கருக்கு வசதியாகப் போயிற்று.

நாங்கள் வந்தது மனைவியின் வேலைக்காக. கீரணத்தம் ஐ.டி. பார்க்கில் அவளுக்கு வேலை மாற்றம். எனக்குக் கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. மகள் ஏழாம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடி வந்தாக வேண்டும், ஆனியும் ஆடியும் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாலே காய்ச்ச விடமாட்டார்கள். ஆக வைகாசிக்குள் வீடு. இந்த அவசரத்தைப் போனில் பேசிய ஒவ்வொரு புரோக்கரிடமும் நானே வாயால் சொன்னேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது இப்போது தெரிகிறது.

ஏரியா தேர்வு செய்ததும் மேப்பைப் பார்த்துத்தான். கீரணத்தத்துக்கும் கணபதிக்கும் நடுவே சரவணம்பட்டி, சத்தி ரோடு, சரி, முடிந்தது என்று நினைத்தேன். மேப்பில் தூரம் தெரியும், தண்ணீர் தெரியாது. நாற்றமும் தெரியாது. வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் வாடை எட்டும் தூரத்தில் போத்தனூர்ப் பக்கம் வீடு பிடித்த அலுவலக நண்பர், பகலில் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை, குடிபோன அன்று ராத்திரி ஜன்னலைத் திறந்ததும்தான் தெரிந்தது என்றார். மேல்காற்று வீசும் மாதத்தில் ஒரு மாதிரி, காற்று திரும்பிவிட்டால் வேறு மாதிரியாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இங்கே அடிக்கிற காற்றை அனுபவித்தவர்களுக்கு அவர் சொல்வது புரியும்.

வீடு தேடிய கதையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போனிலேயே நாலு வீடு தட்டிப் போயின. "நீங்க என்ன ஆளுங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். பதில் சொல்லாமல் நான் சுற்றி வளைத்தால், "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றமுங்க" என்று வைத்துவிட்டார்கள். இந்தக் கேள்வி நம் தஞ்சாவூர்ப் பக்கம் இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் வாடகைக்கு அலையும்போது கேட்டால் வேறு மாதிரி வலிக்கிறது. அதனால் எதுவுமே கேட்காமல், "ஃபேமிலின்னா போதுமுங்க சார்" என்று சொன்ன ஒருவரிடம் போய் நாங்களாகவே விழுந்தோம்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. நானும் மனைவியும் மாமனாரும் போயிருந்தோம். இரண்டு பெட்ரூம், தனி வீடு, மொட்டை மாடி, வாசலில் வேம்பு. வாடகை 16,000. வீட்டுக்காரர் திருப்பூரில் இருப்பதாகவும் வர முடியவில்லை என்றும் சொன்னார் புரோக்கர். தண்ணீர் எப்படி என்று நான் கேட்டு முடிப்பதற்குள் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"தண்ணியப் பத்திக் கேக்கவே வேண்டாமுங்க சார். சிறுவாணிங்க. குடிச்சுப் பாருங்க."

மாமனார் உள்ளங்கையில் பிடித்துக் குடித்தார். "இனிக்குதே மாப்ளே" என்றார். சிறுவாணி என்றால் உலகத்திலேயே ருசியில் இரண்டாவது தண்ணீர் என்று கோவைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். பரிசு கொடுத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள், அது வேறு விஷயம். நாங்கள் அந்த ஒரு சொல்லில் மயங்கிவிட்டோம். கேட்டுக்கு உள்ளே ஒரு சிமெண்ட் பெட்டியில் மீட்டரும் பைப்பும் இருந்ததையும் காட்டினார். தெருமுனையில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தது. "24 மணி நேரமும் தண்ணி வரப்போவுதுங்க, அதுக்குத்தானுங்க தோண்டியிருக்குது" என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருகிறது என்றார். காரில் உட்கார்ந்தபடியே 10,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸை அவர் நம்பருக்கு ஜிபே செய்தேன்.

மீதி 90,000 வீட்டுக்காரரின் கணக்குக்கு. ஆக மொத்தம் ஒரு லட்சம் அட்வான்ஸ், அது போக புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. அக்ரிமெண்ட் கூரியரில் வந்தது. பதிவு செய்ய வேண்டாமா என்று ஒப்புக்குக் கேட்டேன். "பதினோரு மாசத்துக்கு எதுக்குங்க பதிவெல்லாம்?" என்றார் வீட்டுக்காரர், போனில்தான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

சம்ப்பில் இருந்தது சுமார் 2,000 லிட்டர். சமையல், குடிநீர், பையனின் குளியல் என்று நாளுக்கு அறுபது லிட்டர் எடுத்தோம். வாரம் ஒருமுறை ராத்திரியில் தண்ணீர் வந்து தானாக நிரம்பும், மூடியைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நாங்களும் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் குழாயில் காற்று வந்தபோதுதான் மூடியைத் தூக்கினேன். அடியில் ஒரு விரற்கடை வண்டலும் ஒரு செத்த பல்லியும் இருந்தன.

புரோக்கருக்குப் போன் செய்தேன். "மெயின் லைன்ல லீக்குங்க, நாலு நாள்ல வந்துருமுங்க." நாலு நாள் எட்டு நாளாயிற்று. பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார். அதற்குள் இருபது லிட்டர் கேன் தினம் இரண்டு என்று ஆகிவிட்டது. அலுவலகத்தில் புலம்பியபோது பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். "அந்தப் பக்கம் எங்கீங்க சிறுவாணி? அங்கெல்லாம் பில்லூர்த் தண்ணிங்க, பவானி ஆறு. சிறுவாணின்னு சொன்னப்பவே நீங்க எந்திரிச்சு வந்திருக்கோணும்." சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி எல்லாம் 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். ஒரே மாநகராட்சி என்பதற்காக ஒரே தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாதாம்.

அன்று மாலை எதிர்வீட்டுப் பாட்டி என் மனைவியைக் கூப்பிட்டார். கேன் வண்டி தினமும் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏனம்மிணி, காசு குடுத்துத் தண்ணி வாங்கறீங்க? அந்த வூட்டுக்குப் பைப்பே இழுக்கலியே. நீங்க வூடு பாக்க வாரதுக்கு முந்தின நாளு லாரிக்காரன் வந்து ஓசப் போட்டு ஊத்திட்டுப் போனான். நீங்கதான் ஊத்தச் சொன்னீங்களாக்கும்னு நெனச்சுப்போட்டேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டிக்குக் கீழே தோண்டினேன். ஒரு சாண்கூடத் தோண்டவில்லை. பைப் அங்கேயே முடிந்துவிட்டது. முனையில் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை ஒன்றைச் செருகி, அதன் மேல் பழைய சாக்குத் துணியைச் சுற்றியிருந்தார்கள். மீட்டரில் எல்லா எண்ணும் பூஜ்ஜியம். குடிவந்த நாளிலிருந்து தினம் இரண்டு வேளை அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் வண்டியை எடுத்திருக்கிறேன்.

மண்டல அலுவலகத்துக்குப் போய் அக்ரிமெண்டில் இருந்த சொத்து வரி எண்ணைக் காட்டினேன். ஐந்து நிமிட வேலை. அந்த எண்ணில் குடிநீர் இணைப்பு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதே ஐந்து நிமிடத்தை மே மாதத்தில் செலவழித்திருக்கலாம்.

அடுத்தது கரண்ட். அதுவரை நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கும் மாடி ரூமுக்கும் சேர்த்து ஒரே இ.பி. இணைப்பு, எங்களுக்கு ஒரு சப் மீட்டர், யூனிட்டுக்குப் பத்து ரூபாய். இரண்டு மாதத்தில் 360 யூனிட் ஓடியிருந்தது, 3,600 வாங்கினார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது போக அரசுக் கட்டணப்படி போட்டுப் பார்த்தால், தனி இணைப்பாக இருந்தால் அதே 360 யூனிட் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். உப்பு படிந்து ஹீட்டர் காயில் போனதும், வாஷிங் மெஷினுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. மகளின் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதற்குத் தண்ணீர்தான் காரணமா என்று தெரியாது, ஆனால் அவள் அழுதது உண்மை.

மார்கழி பிறப்பதற்குள் காலி செய்துவிடுங்கள் என்று மாமியார் கெடு வைத்தார். கார்த்திகை கடைசியில் காலி செய்தோம். ஒரு லட்சம் அட்வான்ஸில் பெயிண்ட்டுக்கு 18,000, பதினோரு மாதம் முடியும் முன்பே போனதற்கு இரண்டு மாத வாடகை 32,000, கரண்ட் பாக்கி என்று 4,200. அப்புறம், கேட் பக்கம் தோண்டி "குடிநீர் இணைப்பைச் சேதப்படுத்தியதற்கு" 3,000. ஆமாம், அந்த மக்காச்சோளக் கட்டைக்குத்தான். மீதி 42,800 பிப்ரவரியில் வந்தது, அதுவும் இருபது முறை போன் செய்த பிறகு.

வக்கீல் நண்பர் ஒருவர் பிறகு சொன்ன சட்ட விஷயம் இது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றி 2017இல் போட்ட சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எந்த வாடகைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதினோரு மாதம் என்பதால் தப்பிக்க வழியில்லை. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். நான் ஆறு மாத வாடகைக்கு மேல் கொடுத்திருந்தேன். கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன், பதிவும் செய்யவில்லை. "கேஸ் போடலாம், ஆனா நடையா நடக்கணும்" என்றார் நண்பர். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் யார் நடப்பது? விட்டுவிட்டோம். அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது கணபதிப் பக்கம் இருக்கிறோம். இந்த வீட்டை எந்தப் புரோக்கரும் காட்டவில்லை, தெரு முனையில் இஸ்திரி போடும் அண்ணன் சொன்னார். முதல் நாள் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. மளிகைக் கடையில் நின்று, இந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணி, எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். அடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, மழை தூறும்போது போய்ப் பார்த்தோம். வீட்டுக்கார அம்மாவிடம் குடிநீர்க் கட்டண ரசீதையும் இ.பி. இணைப்பு எண்ணையும் கேட்டபோது, "இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்லீங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே எடுத்துவந்து கொடுத்தார். தண்ணீர் விடும் நாள் எது என்று கேட்டு, அன்று காலை ஐந்தரை மணிக்கு மறுபடியும் போய் நின்றேன். மீட்டரில் முள் சுற்றுவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தேன். அந்த அம்மா என்னைக் கொஞ்சம் லூசு என்று நினைத்திருப்பார்.

இதை இவ்வளவு தாமதமாக இப்போது எழுதுவதற்குக் காரணம், எதிர்வீட்டுப் பாட்டி. என் மனைவியோடு இன்னும் பேசிக்கொண்டிருப்பார். போன சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"அம்மிணி, மறுக்காவும் லாரி வந்து ஊத்திட்டுப் போவுது. நாளைக்கு ஆரோ வூடு பாக்க வாராங்களாட்ட இருக்குது."