நரிமேட்டு மாடி வகுப்பு: ஒரு ஞாயிறு முழுக்க ஒரே காட்சி

பி.ஜி. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வு) ஆங்கிலத்துக்குப் படிக்கிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், நரிமேட்டுல அந்த மாடி கிளாஸுக்குப் போலாமா?" ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு நடத்துகிறார். ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை. மாதம் 800 ரூபாய். கோரைப்பாய், ஒரு கரும்பலகை, ரெண்டு டேபிள் ஃபேன், தண்ணீர் கேன், அவ்வளவுதான். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிற நான் ஆரப்பாளையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பேன். மதுரைக்குள் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை.

அவருடைய முறை ஒன்றே ஒன்று. ஒரு நாடகம், அதில் ஒரு காட்சி, ஒரு ஞாயிறு. குறிப்பே இல்லாமல் காட்சியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். அப்புறம் நம்மையே எழுப்பி நடிக்கவிடுவார். எனக்கு மனதில் நின்றது ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. அண்ணனைக் கொன்று அரியணையில் உட்கார்ந்த கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான். பழிவாங்க வேண்டிய அந்த அண்ணன் மகன் ஹாம்லெட் உருவிய வாளோடு பின்னால் வந்து நிற்கிறான். நின்றுவிட்டு, வெட்டாமல் போய்விடுகிறான். மொத்தம் நூறு வரிக்குப் பக்கம்தான் வரும். நான் முன்னால் படித்த ஒரு சென்டரில் இதை "ஹாம்லெட்டின் தயக்கம்" என்று ஒரே வரியில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த அங்கத்துக்குத் தாவிவிட்டார்கள்.

இங்கே முதல் முப்பது சொச்சம் வரிக்கே அரை மணி நேரம் ஆனது. பிரார்த்தனை தொடங்குவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று யாருமே பார்ப்பதில்லை. ஹாம்லெட்டை இங்கிலாந்துக்கு அனுப்பக் கிளாடியஸ் ஏற்பாடு செய்கிறான். அவனுடைய மந்திரி பொலோனியஸ் வந்து, ராணியின் (ஹாம்லெட்டின் அம்மா, இப்போது கிளாடியஸின் மனைவி) அறையில் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒட்டுக்கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்த காட்சியில் அந்தத் திரைக்குப் பின்னால்தான் அவன் குத்துப்பட்டுச் சாகிறான். ஆக, சாகப்போகிறவன் தன் இடத்தைச் சொல்லிவிட்டு வெளியேறிய பிறகுதான் ராஜா முட்டி போடுகிறான்.

வகுப்பில் கிளாடியஸாக முட்டி போட்டது மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித்) தேர்வுக்குப் படிப்பவர். கண்ணை மூடி, கைகூப்பி, பக்தியோடு உட்கார்ந்தார். சார் விடவில்லை.

"தம்பி, நீ அழகர் கோயில்ல நிக்கிற மாதிரி கும்பிடுற. அவனால கும்பிட முடியலைங்கிறதுதான் சீனே."

மறுபடி வரிகளை வாசிக்கச் சொன்னார். கிளாடியஸ் தன்னிடமே பொய் சொல்வதில்லை. அண்ணனைக் கொன்றது உலகின் முதல் சாபம் விழுந்த பாவம் என்கிறான். மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் எதற்காகக் கொன்றேனோ அதெல்லாம் இன்னும் என் கையில்தானே இருக்கிறது என்கிறான்: கிரீடம், ஆசை, ராணி. திருடின பொருளைத் திருப்பித் தராமல் மன்னிப்பு கிடைக்குமா என்று அவனே வாதாடி, அவனே தோற்கிறான். இந்த இடத்தில் வில்லன் என்கிற சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஹாம்லெட்டாக நின்றது நான். வாளுக்கு மர ஸ்கேல். மண்டியிட்டவரின் முகம் வகுப்பைப் பார்த்து இருக்கிறது, எனக்கு அவர் முதுகும் பிடரியும் மட்டும்தான் தெரிகிறது. "ஏம்மா, உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டார் சார். முதுகு, சார். "முந்தின சீன்ல எதைப் பார்த்தே?" முகம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு காட்சிக்கு முன்னால், தன் அப்பாவைக் கொன்ற மாதிரியே ஒரு கொலையை நாடகமாக நடிக்கவைத்து, கிளாடியஸின் முகத்திலேயே கண்ணை வைத்திருந்து, நண்பன் ஹொரேஷியோவையும் பார்க்கச் சொல்லி, குற்றத்தை உறுதி செய்துகொண்டவன் ஹாம்லெட். முகத்தைப் படித்து ஜெயித்தவன் அடுத்த காட்சியிலேயே முதுகைப் பார்த்து ஏமாறுகிறான். இவன் பிரார்த்தனை செய்கிறான், இப்போது கொன்றால் சொர்க்கத்துக்குப் போய்விடுவான் என்று வாளை உறையில் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறான். அவன் போன பிறகுதான் கிளாடியஸ் எழுந்து, வார்த்தை மேலே பறக்கிறது, நினைப்பு கீழேயே கிடக்கிறது என்கிறான். நமக்குக் கேட்கிறது, ஹாம்லெட்டுக்குக் கேட்கவில்லை. இதை எத்தனை கைடு படித்தாலும் ஸ்கேலைப் பிடித்து நின்றால்தான் உடம்பில் ஏறும்.

வகுப்பிலேயே சண்டை வந்தது இதற்கு அப்புறம். சாமி கும்பிடுகிறவனை வெட்டாமல் விட்டது தர்மம்தானே, எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் ஒரு அக்கா. சார் அடுத்த வரிகளைப் படிக்கச் சொன்னார். குடித்துக் கிடக்கும்போது, கோபத்தில், படுக்கையில், சூதாட்டத்தில், ஏதாவது பாவத்தில் இருக்கும்போது கொல்வேன், நேரே நரகத்துக்குப் போகட்டும் என்கிறான் ஹாம்லெட். கடைசிச் சடங்கு எதுவும் இல்லாமல், பாவத்தோடு தன் அப்பா செத்தார் என்று அப்பாவின் ஆவியே வந்து சொன்னது அவன் மனதில் கிடக்கிறது. உயிரோடு திருப்தி இல்லை, ஆன்மாவும் வேண்டும். இதைப் படிக்கவோ வாயால் சொல்லவோ முடியாத அளவுக்குப் பயங்கரம் என்று விமர்சகர் சாமுவேல் ஜான்சன் எழுதினார். அதெல்லாம் சாக்கு, உள்ளே இருப்பது தயக்கம்தான் என்பது கவிஞர் கோல்ரிட்ஜ் கட்சி. நான் ஜான்சன் பக்கம். அந்த வரிகளை நின்றுகொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்த்தவர்களுக்குச் சாக்கு மாதிரித் தோன்றாது. 1904இல் வந்த நூலில் ஷேக்ஸ்பியர் விமர்சகர் பிராட்லி போட்ட கணக்கையும் சார் சொன்னார்: இங்கே ராஜாவை விட்டதால் பொலோனியஸ், ஒபீலியா, ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன், லேயர்டீஸ், ராணி, கடைசியில் ஹாம்லெட், ஆக ஏழு உயிர்.

மதுரையில் பழி பற்றிப் பேசினால் கண்ணகி வராமல் இருப்பாளா? வந்தாள். ஆனால் வழக்கமான பெருமைப் பேச்சாகப் போகவில்லை. ரெண்டு பேருமே சாட்சி தேடுகிறார்கள். கண்ணகி அவையில் சிலம்பை உடைக்கிறாள், முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது, எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பாண்டியன் அத்தனை பேர் முன்னால் "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி விழுகிறான். ஹாம்லெட்டின் நாடகமும் அவையில்தான் நடக்கிறது, ஆனால் அது எதை நிரூபித்தது என்று புரிந்தது அவனுக்கும் ஹொரேஷியோவுக்கும் மட்டும். கிளாடியஸும் தன் குற்றத்தைச் சொல்கிறான், யாரும் கேட்காத அறையில். இந்தப் பத்து நிமிடத்துக்கே 800 ரூபாய் தகும்.

சரி, குறைகளும் இருக்கின்றன. டி.ஆர்.பி. தாளில் மொத்தம் 150 கேள்வி, அதில் பாடத்துக்கு 110, கல்வி முறைக்கு 30, பொது அறிவுக்கு 10. இந்த வகுப்பு அந்த 110ஐப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. பழிவாங்கும் துன்பியல் என்று ஒரு வகை இருக்கிறதே, ரோம நாடகாசிரியர் செனெகாவிடமிருந்து ஷேக்ஸ்பியர் காலத்து தாமஸ் கிட் எடுத்தது, ஆவி, நாடகத்துக்குள் நாடகம், பைத்தியம், அது எல்லாம் டீ வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். கிட்டின் ஸ்பானிஷ் டிராஜெடியில் நாடகத்துக்குள் நடக்கும் கொலை நிஜக் கொலை, ஹாம்லெட்டில் அது வெறும் சோதனை. இவ்வளவு நல்ல விஷயத்தை ஒரே வாக்கியத்தில் கடந்தது அநியாயம். ரிவெஞ்சர்ஸ் டிராஜெடி நாடகத்தை எழுதியது டூர்னரா மிடில்டனா என்பதெல்லாம் நாமே வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாதிரித் தேர்வு கிடையாது, விடைக்குறிப்பு கிடையாது. கேட்டால் சிரிக்கிறார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் தகரக் கூரை தன் வேலையைக் காட்டும். சித்திரை, வைகாசியில் ஈரத்துண்டு இல்லாமல் உட்கார முடியாது. பெண்களுக்குக் கழிப்பறை கீழ் வீட்டில் இருக்கிறது, தயங்காமல் கேட்கலாம், அந்த வீட்டம்மா நல்லவர். இரும்புப் படி குறுகல், முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மார்க் மட்டும்தான் வேண்டும், தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது என்றால் வேறு சென்டர் பாருங்கள். ஏற்கெனவே கைடைக் கரைத்துக் குடித்துவிட்டு, நாளைக்குப் பதினோராம் வகுப்பு முன்னால் போய் நிற்கப்போகிறோமே என்று பயப்படுகிறவர்கள் ஒரு ரெண்டு மாதமாவது இங்கே உட்காருங்கள். அடுத்து வெப்ஸ்டரின் டச்சஸ் ஆஃப் மால்ஃபி நாடகம், நாலாம் அங்கம் என்று சொல்லியிருக்கிறார். கைடைப் பையோடு மேலே கொண்டு போகாதீர்கள், படியிலேயே வாங்கி வைத்துவிடுவார், போகும்போதுதான் கிடைக்கும்.