தஞ்சாவூர்ல இருந்துகிட்டு திருச்சி எஃப்எம் கேக்குறவன் சொல்றது

தையல் கடைங்க நம்மளது. ஷட்டர் தூக்குனா ரேடியோ ஆன், ராத்திரி இறக்குறப்பதான் ஆஃப். பல வருஷமா இதே கததான், அதனால இந்த எஃப்எம் பத்தி எழுத நமக்கு உரிமை இருக்குன்னே வச்சுக்கலாம்.

மொதல்ல ஒண்ணு, தஞ்சாவூருக்குன்னு தனியார் கமர்ஷியல் எஃப்எம் எதுவும் கெடையாது. 2006ல தனியார் எஃப்எம் லைசன்ஸுக்கு ரெண்டாங்கட்ட ஏலம் விட்டாங்கல்ல, அதுக்கப்பறம் திருச்சியில சூரியன் 93.5, ஹலோ 106.4ன்னு வந்துச்சு, நாங்க கேக்குறது அங்கேர்ந்து வழிஞ்சு வர்ற சிக்னல்தான். எஃப்எம் அலை நேர்கோட்டுல போறது, நம்ம பக்கம் மலை கிலை இல்லாம தட்டையா கெடக்குறதால டவுன்ல மாடியில வச்சா சுத்தமா எடுக்கும், நீடாமங்கலம் மன்னார்குடின்னு போகப்போக உஸ்ஸுன்னு எரைச்சல் ஏறும். வேதாரண்யம் பக்கம் போயிட்டா இலங்கை ஸ்டேஷன்கதான் ராஜா, அங்கயும் ஒரு சூரியன் இருக்கு, அது வேற கம்பெனி, 1998லயே ஆரம்பிச்சது. வெயில் கால ராத்திரியில கடல தாண்டி பக்கத்து வீட்லேர்ந்து வர்ற மாதிரி கேக்கும்.

நிகழ்ச்சிய பத்தி சொல்லணும்னா, ஆரம்பத்துல போன் போட்டா திருச்சியில உக்காந்திருக்குற ஆளு எடுப்பாங்க, எந்த ஊரு, என்ன நடவா அறுப்பான்னு கேப்பாங்க. இப்ப பாதி நேரம் எந்த ஊருக்கு பேசுறாங்கன்னே புரியல, எல்லா ஊருக்கும் ஒரே சமையல். பாட்டும் அதேதான், காலையில போட்டது மதியம் திரும்ப வருது. எனக்கு கேட்டா லோக்கலா மிச்சமிருக்குறது விளம்பரம் மட்டுந்தான். ஆடித் தள்ளுபடி, புது நகைக்கடை, ட்ராக்டர் லோன், விதைநெல்லு, எந்த கடை எந்த ரோட்டுக்கு மாறுச்சுங்குறது வரைக்கும் அதுலதான் தெரிஞ்சுக்குறேன் (எங்க வீட்டம்மாவுக்கு பாட்டு வேணும், விளம்பரம் வந்தா சவுண்ட கொறைப்பாங்க, அது தனி சண்டை).

ஆனா டெல்டாக்காரனுக்கு வேண்டியது இதுல வராது. மேட்டூர் எப்ப தொறக்குறான், எவ்ளோ கனஅடி, புயல் எங்க நிக்குதுன்னு தெரியணும்னா மீடியம் வேவ்ல 936தான், திருச்சி ஆல் இந்தியா ரேடியோ, 1939லேர்ந்து இருக்குறது. 1960கள்ல ஆடுதுறை 27 நெல்ல அவங்க வயலும் வாழ்வும் மாதிரி நிகழ்ச்சியில சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் ஜில்லா முழுக்க பரவி, ஜனங்க அதுக்கு ரேடியோ நெல்லுன்னே பேரு வச்சுட்டாங்க. தனியார் எஃப்எம் இப்படி ஒண்ணு செஞ்சு நான் கேட்டதில்ல. முழுசா அவங்க தப்புன்னும் சொல்ல முடியாது, சொந்தமா செய்தி வாசிக்க அனுமதியே கெடையாது, 2019 ஜனவரியிலதான் ஆல் இந்தியா ரேடியோ செய்திய ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போட்டுக்கலாம்னு விட்டாங்க. கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16. கரண்ட் இல்ல, செல்லு செத்துப்போச்சு, பேட்டரி செட்டுதான் கூட இருந்துச்சு, அப்ப முள்ளு தானா 936க்குதான் போச்சு.

2024 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை 234 ஊருக்கு 730 தனியார் எஃப்எம் சேனல் ஏலம் விட ஒப்புதல் குடுத்துச்சு, அந்த லிஸ்ட்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூரெல்லாம் இருக்கு. வரட்டும், ஆனா ஸ்டூடியோவ இங்க போட்டு இங்க இருக்குற ஆள பேச விட்டாதான் பிரயோஜனம், இல்லன்னா இன்னொரு விளம்பர போர்டுதான்.

புதுசா கேக்க ஆசப்படுறவங்க செல்ல நம்பாதீங்க, இப்ப வர்ற போன் நெறையதுல எஃப்எம் கெடையாது, இருந்தாலும் இயர்போன் வயர்தான் ஆன்டெனா, அத சொருவ ஓட்டையே வைக்க மாட்டேங்குறானுங்க. நீளமா இழுக்குற கம்பியும் மீடியம் வேவும் இருக்குற பேட்டரி செட்டா பாத்து வாங்குங்க. பகல்ல வேலை பாத்துக்கிட்டே கேக்க திருச்சி எஃப்எம் தாராளமா போதும், சாயங்காலத்துக்கு மேல நான் 936க்கு மாத்திடுவேன்.