ஆறு வருஷமாக ஒரு கால்பந்து ஆப்: கோல் வருகிறது, வழக்கு வரவில்லை

2019 ஆகஸ்டில், சீசன் தொடங்கிய வாரத்தில் இந்த ஆப்புக்குச் சந்தா கட்டினேன். அன்றிலிருந்து ஆட்டோபேதான். பெயரைச் சொல்லப் போவதில்லை. மற்ற ஆப்களும் பெரிய யோக்கியம் இல்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கிளப்பின் ரசிகன். பெரம்பூர் வீட்டு மொட்டைமாடி அறைக் கதவில் சிட்டியின் பழைய நட்சத்திரம் அகுவேரோவின் போஸ்டர் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதனால் இதை எதிரணிக்காரனின் வயிற்றெரிச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நல்ல விஷயம், கோல் அலர்ட்டின் வேகம். ஸ்ட்ரீமில் பந்து நடுக்கோட்டில் இருக்கும்போதே ஃபோன் அதிர்ந்துவிடும். "அண்ணா, ஃபோனை உள்ள வச்சிட்டு வந்து உட்காரு" என்று தம்பி கத்துவான். பழைய ஃபோனிலும் ஹேங் ஆகாது. பேட்டரியைக் கொஞ்சம் குடிக்கும், பரவாயில்லை.

இதில் வராமல் போவது என்ன என்று புரிய எனக்கு மூன்றரை வருஷம் ஆனது.

2023 பிப்ரவரி 5, ஞாயிறு. டாட்டன்ஹாமிடம் 1-0 என்று தோற்றோம். ஹாரி கேன் அந்த கிளப்புக்காக அடித்த 267வது கோல். அங்கே அதிக கோல் அடித்தவர் என்ற ஜிம்மி கிரீவ்ஸின் சாதனை போயிற்று. தூங்கப் போவதற்குள் ஐந்து அலர்ட். சரி, செய்திதானே. மறுநாள் சாயங்காலம் வியாசர்பாடி மைதானத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரணி மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகனான நண்பன் கேட்டான்: "மச்சி, உங்க ஆளுங்க மேல நூறு கேஸுக்கு மேல போட்டுட்டாங்களாமே?" இருக்கவே இருக்காது என்று அடித்துச் சொன்னேன். ஆப்பில் வரவில்லையே! ஃபோனை எடுத்துப் பார்த்தேன். அன்று வந்தவை மூன்று அலர்ட்: ஃபேன்டசி லீக் டிப்ஸ், சிட்டி வீரர் ஹாலண்டின் ஹேர்பேண்ட், மான்செஸ்டர் போக லக்கி டிரா. விரலால் தள்ளித் தள்ளி நான்காவது திரைக்குப் போனால், கிளப் ஆச்சரியம் தெரிவித்திருப்பதாக ஒரு தலைப்பு. எதற்கு ஆச்சரியம் என்பது மூன்றாவது பத்தியில் இருந்தது. 2009-10 தொடங்கி ஒன்பது சீசன்களில் சரியான நிதிக் கணக்கைக் கொடுக்கவில்லை, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று, சிட்டி ஆடும் பிரீமியர் லீக்கே குற்றம் சாட்டியிருக்கிறது. கிளப் எல்லாவற்றையும் மறுக்கிறது.

வீட்டுக்கு வந்து ஆப்பின் தேடலில் பழசையெல்லாம் கிளறினேன். 2020 பிப்ரவரியில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபா, இதே மாதிரி பண விவகாரத்தில் சிட்டிக்கு ஐரோப்பியப் போட்டிகளில் இரண்டு சீசன் தடையும் 3 கோடி யூரோ அபராதமும் போட்டபோது ஒரே ஒரு கட்டுரை. ஜூலையில் சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் தடையை நீக்கியபோது ஆறு கட்டுரை, ஒரு வீடியோ. அந்த ஆறில் ஒன்றில்கூட 1 கோடி யூரோ அபராதம் மிச்சமிருப்பது தலைப்பில் இல்லை. குற்றச்சாட்டுகளில் சில நிரூபிக்கப்படவில்லை, சில காலங்கடந்தவை என்று தீர்ப்பாயம் சொன்னதில், முதல் பாதி மட்டும் இருந்தது. அப்போது அதைப் படித்துவிட்டு நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஏன் இப்படி என்று யோசித்தால், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்ய முடியாது என்பதுதான். கிளப் கேட்டைத் திறந்தால்தான் பேட்டி, பயிற்சிப் படம், டிரான்ஸ்ஃபர் செய்தி எல்லாம். மகனைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்கள் என்பதற்காக யுனைடெட்டின் அப்போதைய மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2004லிருந்து 2011 வரை பிபிசிக்குப் பேட்டியே கொடுக்கவில்லை. பிபிசி தாக்குப்பிடிக்கும். 2013ல் ரசிகர்களின் எதிர்ப்புப் பேரணியைப் பற்றி எழுதியதற்காக நியூகாசில் கிளப் மூன்று உள்ளூர் பத்திரிகைகளை உள்ளே விடவில்லை. இருக்கும் ஒரே பெரிய கிளப் கதவைச் சாத்திவிட்டால் உள்ளூர் நிருபர் எங்கே போவார்?

ஸ்காட்லாந்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு: ஆட்டுக்கறி பத்திரிகையியல். 1998ல் ரேஞ்சர்ஸ் கிளப்பின் உரிமையாளர் டேவிட் மர்ரே வைத்த விருந்தின் இளம் ஆட்டுக்கறியை ஒரு நிருபர் சிலாகித்து எழுதப்போய் வந்த பெயர். நம் ஊர் பிரஸ் மீட் பிரியாணிதான், வேறென்ன. அதே மர்ரே 2011ல் கிளப்பை ஒரு பவுண்டுக்கு கிரெய்க் வைட்டிடம் விற்றார். வாங்கியவர் பெரும் கோடீஸ்வரர் என்று விளையாட்டுப் பக்கங்கள் கொண்டாடின. வருங்கால சீசன் டிக்கெட்டுகளை அடகு வைத்த பணத்தில்தான் அவர் கிளப்பின் வங்கிக் கடனை அடைத்தார் என்பது பிறகு தெரிந்தது. 2012 பிப்ரவரி 14 அன்று கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போயிற்று. நஷ்டம் ரசிகனுக்கு; கறி சாப்பிட்டவர்களுக்கு இல்லை.

பெரிய செய்திகளை உடைப்பவர்களும் பெரும்பாலும் வெளி ஆட்கள்தான். இந்தப் பண விவகாரம் பற்றிய சிட்டியின் உள் மின்னஞ்சல்களை 2018ல் வெளியிட்டது ஜெர்மனியின் செய்தி வார இதழ் டெர் ஸ்பீகல். தினமும் பயிற்சி மைதான வாசலில் நிற்கிறவர்கள் இல்லை. (சிஎஸ்கேவுக்கு 2015ல் இரண்டு வருஷத் தடை வந்தபோது நாம் எந்தப் பக்கத்தைப் படித்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். அப்போதும் நான் கோபப்பட்டது செய்தி சொன்னவர்கள் மேல்தான்.)

2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை சிட்டி வழக்கை விசாரணைக் குழு உட்கார்ந்து கேட்டது. அந்த மூன்று மாதமும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். வழக்கு பற்றி ஆப்பில் வந்தது இரண்டு துணுக்கு. புது ஜெர்சி பற்றி பதினொன்று. கஸ்டமர் கேருக்கு எழுதினேன்; "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பந்து இமோஜியோடு பதில் வந்தது.

இப்போது செட்டிங்ஸில் கோல், அணிப்பட்டியல் தவிர எல்லா அலர்ட்டையும் அணைத்துவிட்டேன். பணம், வழக்கு சம்பந்தப்பட்டதைப் பொதுச் செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் படிக்கிறேன். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம்; வேகத்துக்கு இரண்டு, தேடலுக்கு அரை. ஆட்டோபே அடுத்த மாதம் போகும். நிறுத்த வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். "போன வருஷமும் இதையேதான் சொன்னே" என்றான்.