ஸ்பெக்ட்ரம் 48கே: மூன்று மாதம் பாவித்த பிறகு எழுதுவது

நேராகவே சொல்லிவிடுகிறேன். படம் பார்த்து விளையாடுகிற கேம் வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரம் என்கிற இந்தப் பழைய வீட்டுக் கணினிப் பக்கம் வர வேண்டாம். வாசித்து, யோசித்து, கட்டளை அடித்து விளையாடுகிற டெக்ஸ்ட் அட்வென்ச்சர் வேண்டுமென்றால், நான் இதுவரை பாவித்தவற்றில் சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கேதான் முதலிடம். மூன்று மாதமாக மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் இருக்கிறது, கிழமைக்கு நாலு நாளாவது ஓடுகிறது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சாமான் எங்கள் குடும்பத்தினுடையது. மாமா 1980களில் லண்டனுக்குப் போய், ஒருமுறை லீவில் வந்தபோது கொண்டுவந்து விட்டுப் போனது. செங்கலடியில் அம்மம்மா வீட்டுத் தகரப் பெட்டிக்குள், பழைய சீலைகளுக்கு நடுவே கிடந்தது, கூடவே ஒரு கேசட்: லெவல் 9 நிறுவனத்தின் ‘கொலோசல் அட்வென்ச்சர்’. "அது உடைஞ்ச கல்குலேட்டர் மனே, வேணுமெண்டா கொண்டு போ" என்று அம்மம்மா தந்துவிட்டார். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். ஒரு கொப்பி அளவில் கறுப்புத் தட்டு, அதில் சாம்பல் நிற ரப்பர் விசைகள் 40, அவ்வளவுதான் கணினி. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளியானபோது 48 கிலோபைட் நினைவகம் உள்ள இந்த 48கே மாதிரியின் விலை 175 பவுண்.

இதை எடுக்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பவர். 9 வோல்ட் டிசி கேட்கிறது, ஆனால் பிளக்கின் உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். இப்போது கடைகளில் கிடைக்கிற அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறு. ‘ஸ்பெக்ட்ரமுக்குப் பொருந்தும்’ என்று போட்டு ஒருவர் ஒன்லைனில் விற்றதை நான் வாங்கினேன், பெயர் வேண்டாம், அதிலும் உள்பக்கம் பிளஸ்தான். நல்லவேளையாக நான் அதைச் சொருகிப் பார்க்காமல் காத்தான்குடியில் ரேடியோ, டிவி திருத்துகிற ஒரு நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோனேன். அவர் கணினியைத் தொடவே இல்லை, முதலில் மீட்டரை எடுத்து அடாப்டரை அளந்தார். "தம்பி, இதக் குத்தியிருந்தா உள்ளுக்க எல்லாம் புகைஞ்சிரிக்கும்" என்றார். வயரை வெட்டி, மாற்றி ஒட்டி, மறுபடி அளந்து, அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றினார். பழைய சாமான் திருத்தக் கொடுக்கும்போது இப்படி அளந்து பார்க்கிற ஆளிடம் கொடுங்கள், வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

போட்டவுடன் திரையில் நெடுக்குக் கோடுகள்தான் வந்தன. இந்த மாதிரியில் கீழ் 16கே நினைவகம் 4116 என்ற எட்டுச் சிப்புகளில் இருக்கிறது, அவற்றுக்கு +5, +12, -5 என்று மூன்று வகை வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தருகிற பகுதியில் டிஆர்4 என்று ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது, அது போனால் சிப்புகளையும் சேர்த்துக் கொண்டுபோகும். எங்களுடையதிலும் அதுதான் நடந்திருந்தது. டிரான்சிஸ்டர், இரண்டு சிப்பு, பழைய எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் எல்லாம் மாற்ற மூன்று கிழமை போனது, சாமான் வெளிநாட்டிலிருந்து வர எடுத்த நேரம்தான் அதில் கூட. விசைகளுக்கு அடியில் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளும் முறிந்திருந்தது. நாற்பது வருடத்தில் அது காய்ந்து நொறுங்கத்தான் செய்யும், புதிதாகச் செய்து விற்கிறார்கள், வாங்கிப் போடலாம்.

டிவி இணைப்பில் இங்கே பெரிய கரைச்சல் இல்லை. நமக்கும் பால் (PAL) என்ற அதே கலர் டிவி முறைதான், மெஷின் யூஎச்எஃப் 36ஆம் சேனலில் படம் அனுப்புகிறது. இங்கிலாந்து முறைக்கும் நம்முடையதற்கும் ஒலி அலைவரிசை வேறு, ஆனால் ஸ்பெக்ட்ரம் சத்தத்தை டிவிக்கு அனுப்புவதே இல்லை, உள்ளேயே சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. படம் கொஞ்சம் மணல் தூவியது போல இருந்ததால் நானா உள்ளே ஒரு வயரை மாற்றி, படம் டிவியின் மஞ்சள் ஏவி துளைக்கு நேராக வரும்படி செய்து தந்தார். எழுத்து வாசிக்கிற கேமுக்கு இது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. ஒரு வரிக்கு 32 எழுத்து, 24 வரி, அதிலும் மங்கலாக இருந்தால் அரை மணித்தியாலத்தில் கண் வலிக்கும். திருத்தி முடித்துப் போட்டபோது வெள்ளைத் திரையின் அடியில் ‘1982 சின்கிளேர் ரிசேர்ச் லிமிடெட்’ என்று ஒரு வரி வந்தது. நானா கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எல்லாரும் எழும்பி வந்து பார்த்தார்கள்.

அடுத்தது கேசட். ஜே விசையை அழுத்தினால் ‘லோட்’ என்ற முழுச் சொல்லும் வரும், பிறகு சிம்பல் ஷிஃப்டோடு பீ (P) விசை இரண்டு தரம், என்டர். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து மெஷினின் இயர் துளைக்கு ஒரு வயர். ப்ளே அமத்தினால் திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஓடும், பிறகு மஞ்சளும் நீலமும் மெல்லிய கோடுகளாக நடுங்கும், அந்தக் கீச்சுச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். ஐந்து நிமிடம் அளவில் எடுக்கிறது. முதல் நாள் ஆறு தரம் ‘டேப் லோடிங் எரர்’ வந்தது. கேசட் ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது, அதை ஓடவிட்டபடியே மெல்லத் திருப்ப வேண்டும், சத்தம் மூடிப் போர்த்திய மாதிரி இருப்பது திடீரென்று திறந்து கூர்மையாகக் கேட்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, வொலியூமை முக்கால்வாசிக்கு வைத்து, ஏழாவது தரம் ஏறியது. கேசட் கெட்டுப்போயிருந்தால் அந்தச் சத்தத்தைப் போனிலிருந்தும் ஓடவிடலாம், ஹெட்போன் துளை உள்ள போன் வேண்டும், வொலியூம் முழுக்க வைக்க வேண்டும். எஸ்டி கார்ட் போடுகிற டிவ்எம்எம்சி என்ற இணைப்பும் இருக்கிறது, அதில் சில விநாடியில் ஏறிவிடும். நான் கேசட்டோடேயே இருக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில்தான் மகள் பென்சில் சீவி, தாள் எடுத்து, பாய் விரித்து உட்காருகிறாள்.

இனி ‘கொலோசல் அட்வென்ச்சர்’ கேம். டெக்ஸ்ட் அட்வென்ச்சர் எல்லாவற்றுக்கும் மூலம் இதன் அசல்தான். வில் குரோதர் என்ற அமெரிக்கர், குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுகிறவர், கென்டக்கியின் மாமத் குகையை வைத்து 1970களின் நடுவில் தன் மகள்மார் விளையாடுவதற்காக பிடிபி-10 என்ற பெரிய கணினியில் எழுதினார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் டான் வூட்ஸ் அதைப் பெருப்பித்தார். ஓர் அறை நிறையக் கணினி வேண்டியிருந்த அந்த விளையாட்டை லெவல் 9 ஆட்கள் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி இந்தக் கொப்பி அளவுத் தட்டுக்குள் அடக்கியது மட்டுமில்லை, முடிவில் 70 இடங்களைச் சேர்த்தும் விட்டார்கள். 48 கிலோபைட்டுக்குள்! இப்போது போனில் எடுக்கிற ஒரு படத்துக்கே இதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

சாலை முடிவில் ஒரு செங்கல் கட்டடம், உள்ளே சாவிக்கொத்து, விளக்கு, சாப்பாடு, போத்தல். ஓடையோடு தெற்கே போனால் பூட்டிய கம்பிக் கதவு, அதற்குக் கீழே குகை. இரண்டு சொல்லில் கட்டளை: ‘கெட் லாம்ப்’ (விளக்கை எடு), ‘ஓபன் கிரேட்’ (கம்பிக் கதவைத் திற). மகள் ஆறாம் வகுப்பு. ஆங்கிலப் பாடம் என்றால் வாயே திறக்காதவள், இதில் அடித்த சொல் பிழைத்தால் மெஷின் விளங்கவில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான், யாரும் பார்த்துச் சிரிப்பதில்லை. மூன்றாம் நாளே ‘அன்லொக்’ என்பதற்கும் ‘ஓபன்’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்டாள்.

குகைக்குள் ஒரு பறவை இருக்கிறது. கூடு கையில் இருந்தும் பிடிபடவில்லை, கிட்டப் போனால் பயப்படுகிறது. இரண்டு பின்னேரம் அதிலேயே போனது. நான் விடையைத் தேடிப் பார்க்கலாம் என்றேன், "வேணாம் அப்பா, பொறுங்க" என்றாள். பிறகு கையில் இருக்கிற சாமான் பட்டியலைக் கேட்டு ஒவ்வொன்றாக வாசித்தாள்: விளக்கு, கூடு, நட்சத்திரம் வைத்த கறுப்புக் கோல். "கோல் வச்சிருந்தா எந்தக் குருவியும் பறக்கும்தானே" என்று சொல்லிக் கோலைக் கீழே போட்டாள். பறவை பிடிபட்டது. அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்தார். (இன்னும் விளையாடாதவர்கள் மன்னிக்கவும், அந்தப் பறவை எதற்கு என்பதைச் சொல்ல மாட்டேன்.)

வரைபடம் இல்லாமல் இந்தக் கேமை விளையாட முடியாது. ஒரே மாதிரி வளைந்து வளைந்து போகிற வழிகள் உள்ள பகுதி ஒன்று இருக்கிறது, அதில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சாமானைப் போட்டு அடையாளம் வைத்துத்தான் வெளியே வரலாம். மகள் நாலு ஏ4 தாளை ஒட்டி வரைந்திருக்கிறாள், கிழக்குப் பக்கம் ‘எழுவான்’, மேற்குப் பக்கம் ‘படுவான்’ என்று எழுதி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளைக்குத் திசை அப்படித்தான் வரும்.

குறைகளும் இருக்கின்றன. ரப்பர் விசை விரைவாக அடிக்கக் கைகொடுக்காது, ஓர் எழுத்தை அழிக்கவே கேப்ஸ் ஷிஃப்டும் பூச்சியமும் சேர்த்து அமத்த வேண்டும். இரண்டு சொல் கட்டளைகள் என்பதால் பொறுக்கலாம், வடக்குத் தெற்குக்கு ஓர் எழுத்துப் போதும். மெஷின் சூடாகும், நம்முடைய ஏப்ரல் வெயிலில் வலதுபக்கம் கை வைக்க முடியவில்லை, நாங்கள் மேசை ஃபேனைத் திருப்பி வைக்கிறோம். வாவிக் காற்றில் உப்பு இருக்கிறது, பின்பக்க இணைப்பு முனை கறுக்கும், மாதத்துக்கு ஒருமுறை துடையுங்கள். மாரி மழைக் காலத்தில் கேசட்டில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும், இறுக்கமான டப்பாவில் சிலிக்கா பக்கெட்டோடு வையுங்கள். எல்லாவற்றையும் விட மோசம் கரண்ட். ஒரு சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் விளையாடி, கையில் ஐந்து புதையல் இருக்கும்போது கரண்ட் போனது. எல்லாம் போயிற்று. மகள் அழவில்லை, ஆனால் அன்று சாப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெற்றுக் கேசட்டில் சேவ் பண்ணுகிறோம். சேவ் பண்ணும்போது இயர் வயரைக் கழற்றிவிட்டு மைக் வயரை மட்டும் வையுங்கள், இரண்டும் சேர்ந்து இருந்தால் பதிவு பிழைக்கலாம்.

பழைய சாமானோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு 2024 நவம்பரில் வந்த புதிய ‘தி ஸ்பெக்ட்ரம்’ இருக்கிறது, அதே ரப்பர் விசை, எச்டிஎம்ஐ, 48 கேம் உள்ளேயே. கணினியில் ஃப்யூஸ் என்ற எமுலேட்டர் (ஸ்பெக்ட்ரம் போலவே நடக்கிற மென்பொருள்) இலவசம். கேம் மட்டும் போதும் என்றால் எமுலேட்டரே போதும், அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் எமுலேட்டரில் விளையாடிய நாளில் மகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறு ஜன்னலுக்குத் தாவினாள். இதில் தாவ வேறு ஜன்னல் கிடையாது.

இப்போது நாங்கள் ‘தி குவில்’ என்ற புரோகிராமில் இறங்கியிருக்கிறோம். கிரேம் யேண்டல் எழுதி 1983இல் கில்சாஃப்ட் வெளியிட்டது, சொந்தமாக டெக்ஸ்ட் அட்வென்ச்சர் செய்வதற்கு. புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை, இடம், சாமான், சொல், எந்தச் சொல்லுக்கு என்ன நடக்கும் என்று நிரப்பிக்கொண்டே போகலாம். ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துப் பார்த்தோம். குவில் ஒரு சொல்லின் முதல் நாலு எழுத்தை மட்டும்தான் பார்க்கிறது, ஆகவே விளக்கு, விளக்கை, விளக்கோடு எல்லாம் அதற்கு ஒன்றுதான். தமிழில் வேற்றுமை எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டுவதால் வாலை வெட்டினாலும் சொல் பிழைத்துக்கொள்கிறது. எது வினை, எது பெயர் என்றும் அது பார்ப்பதில்லை, இரண்டு சொல் எந்த வரிசையில் வரவேண்டும் என்று நாம் சொல்கிறோமோ அதுதான், எனவே ‘விளக்கை எடு’ என்று நம் வழக்கப்படியே அடிக்கலாம். எனக்கு இது பெரிய சந்தோசம். ஒரே ஒரு சிக்கல், ‘படு’ என்று அடித்தால் ஆள் படுக்காமல் படுவான் பக்கம் நடந்துவிட்டார், ஆங்கிலத்தில் padu என்ற நாலு எழுத்தும் ஒன்றுதானே. படுப்பதைத் ‘தூங்கு’ என்று மாற்றினோம்.

திரையில் தமிழ் எழுத்தே வர வைக்கவும் வழி இருக்கிறது: 96 எழுத்து வடிவங்களை நாமே வரைந்து, 768 பைட்டில் வைத்து, 23606ஆம் முகவரியில் இடத்தைச் சொல்லிவிட்டால் போதும். எட்டுக்கு எட்டுப் புள்ளிக்குள் ‘ப’ அழகாக வருகிறது. ‘ண’வின் சுழிகள் வரவே இல்லை, இரண்டு கட்டம் எடுத்தால்தான் வடிவாக இருக்கிறது. அந்த வேலை பாதியில் நிற்கிறது.

எங்கள் கேமில் இதுவரை ஒன்பது இடம். பௌர்ணமி இரவு, கல்லடிப் பாலத்துக்குக் கீழே ஒரு தோணி. வாவியில் மீன் பாடும் என்று ஊரில் சொல்வார்கள், கேமில் அதைக் கேட்க வேண்டும். நேற்று மகள் சோதித்துப் பார்த்தாள்: ‘பாட்டைக் கேள்’ என்று அடித்தாள். ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று வந்தது. துடுப்பை எடுத்து, தண்ணிக்குள் வைத்து, மற்ற நுனியைக் காதில் வைத்தால்தான் கேட்கும், ஊரில் அப்படித்தான் கேட்பார்கள் என்று அம்மம்மா சொல்லித் தந்ததை அவளே உள்ளே போட்டிருந்தாள், போட்டதை மறந்துவிட்டுத் தோணி முழுக்கத் தேடினாள். கேசட்டின் ‘பி’ பக்கத்தில் சேவ் பண்ணி வைத்திருக்கிறோம்.