இரண்டு வருஷச் சந்தாவும் ஓர் உளுந்து விவகாரமும்

திருப்பூர் நண்பன் ஒருவன் நேற்று ராத்திரி கேட்டான், "மாப்ள, நீ ரெண்டு வருஷமா காசு கட்டி ஏஐ வெச்சிருக்கியே, உருப்படியா இருக்கா, நானும் போடலாமா?" என்று. வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது கோவையில் மூன்று பேர் இருக்கும் சின்ன விளம்பரக் கடை. நான், டிசைன் பார்க்கும் அக்கா, போன வருஷம் சேர்ந்த ஒரு பையன். ஜவுளி, பாத்திரம், பம்ப்செட், கிரைண்டர், இதுதான் எங்கள் உலகம். மாதம் கிட்டத்தட்ட 2,000 ரூபாய் கட்டி வைத்திருக்கும் கருவி எது என்று சொல்லப்போவதில்லை. நடுவில் இரண்டு தடவை மாற்றியும் பார்த்தாயிற்று, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். எங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் உட்கார்ந்து எழுதித் தர மாட்டார்கள், வாய்ஸ் நோட்தான். மச்சினன் வீட்டு விசேஷத்தில் தொடங்கி, பழைய ஏஜென்சிக்காரனைத் திட்டி, கடைசி நிமிஷத்தில்தான் "தள்ளுபடி பத்து பர்சன்ட் போட்டுருங்க தம்பி" என்று வரும். அதை அப்படியே கொடுத்தால் எந்த மாடல், என்ன விலை, எந்தத் தேதி வரை என்று ஐந்து வரியில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஏற்றுமதிக்கான ஆங்கில பிரோஷர், பாக்கி கேட்டு மரியாதையாக எழுத வேண்டிய கடிதம், டீலர் பட்டியலை ஒழுங்குபடுத்துவது, இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. தமிழும் முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்லை. ஆரம்பத்தில், தண்ணீர் வராத நாளில் குழாய் சொட்டுகிற மாதிரி எழுத்து எழுத்தாகச் சொட்டும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியைச் செய்யும் ஓப்பன்ஏஐ கம்பெனி ஒரு கணக்கு வெளியிட்டது, உதாரணத்துக்கு எடுத்த ஒரு தமிழ் வாக்கியத்துக்கு முன்பு 116 டோக்கன், அதாவது ஏஐ எழுத்தை நறுக்கிக்கொள்ளும் துண்டு, செலவானது, இப்போது 35 போதும் என்று. துண்டு குறைந்தால் வேகம் கூடும். என் அனுபவத்தில் மற்ற கருவிகளும் அந்த வாக்கில் தேறிவிட்டன. படம் போடுவதில் மட்டும் ரொம்ப நாள் தமிழ் எழுத்து என்று ஜாங்கிரி பிழிந்து வைத்துக்கொண்டிருந்தது.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சல்.

விளம்பர வாசகம் என்று கேட்டுவிட்டால் அதற்கு ஒரே ஒரு அச்சுதான் தெரியும். "இது வெறும் நகை அல்ல, தலைமுறைகளின் பந்தம்." "இது வெறும் பம்ப் அல்ல, விவசாயியின் நம்பிக்கை." கேட்கிற அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. போன ஆடியில் எங்கள் பையன் ஒரு பட்டுக் கடைக்கு இந்த அச்சில் ஒரு வரி வார்த்துக் கொடுத்தான், பட்டு என்பது வெறும் துணி அல்ல, அது ஓர் உணர்வு என்று. எனக்கும் அவசரம், சரி என்றுவிட்டேன். பிளெக்ஸ் ஏறி நான்காம் நாள் கடைக்காரரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அதே சாலை, இரண்டு சிக்னல் தள்ளி இன்னொரு ஜவுளிக் கடை போர்டு, அதே வரி, கலர்தான் வேறு. கீழே ஒரே ஒரு கேள்வி: "தம்பி, இதுல நம்ம போர்டு எதுங்க?" அந்த பில்லில் பாதிதான் கைக்கு வந்தது. பையனைத் திட்டவும் மனசு வரவில்லை, ஒப்புதல் கொடுத்தது நான்.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2024-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்தது. சுமார் 300 பேரை எட்டு வாக்கியத்தில் ஒரு குட்டிக் கதை எழுதச் சொல்லி, சிலருக்கு மட்டும் ஏஐ யோசனைகளைக் கொடுத்தார்கள். யோசனை வாங்கியவர்களின் கதைகளுக்கு நல்ல மதிப்பெண், அதிலும் சுமாராக எழுதுகிறவர்களுக்குத்தான் லாபம் அதிகம். ஆனால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏஐ துணையோடு வந்த கதைகள் ஒன்றைப்போல் ஒன்று இருந்தன. படித்ததும் எனக்கு அந்த இரண்டு பிளெக்ஸ் போர்டும் கண் முன்னால் வந்து நின்றன. எங்கள் பையன் விஷயமும் அப்படியே. சேர்ந்து மூன்றே மாதத்தில் தப்பில்லாத, வழவழப்பான தமிழுக்கு வந்துவிட்டான். அதற்குமேல் ஒரு அங்குலம் நகரவில்லை.

உளுந்து விவகாரத்துக்கு வருகிறேன். ஒரு கிரைண்டர் கம்பெனி, இரண்டு லிட்டர் டேபிள் டாப் மாடல். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய பொருள், அதைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல? ஏஐயிடம் கேட்டேன். இருபது வரி வந்தது, இருபதிலும் பாரம்பரியமும் நவீனமும் கைகோத்துக்கொண்டு நின்றன. தலைவலியோடு டீ குடிக்கப் போனபோது டிசைன் அக்கா, மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எங்கம்மா புது கிரைண்டர் வாங்குனா முதல்ல உளுந்து எவ்வளவு காணுதுன்னுதான் தம்பி பார்க்கும். மத்ததெல்லாம் யாருக்கு வேணும்?"

அவ்வளவுதான், விஷயம் கிடைத்துவிட்டது. மிக்சியில் போட்டால் சூடேறி உளுந்து அவ்வளவாகப் பொங்காது. கல்லில் நிதானமாக அரைபடும்போதுதான் ஒரு ஆழாக்கு உளுந்து பாத்திரம் நிறையப் பொங்கி வரும். மாவு காணுகிறது என்று வீட்டில் சொல்வது அதைத்தான். நான் பேப்பரில் எழுதினேன்: "பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் காணும்."

பழக்க தோஷத்தில் இதை ஏஐயிடம் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். வாக்கியத்தில் பிழை இருப்பதாகவும் பொருள் தெளிவாக இல்லை என்றும் பணிவாகச் சொல்லி, திருத்தியும் கொடுத்தது: "பக்கத்து வீட்டுக் கிண்ணமும் காணாமல் போகும்!" ஆச்சரியக்குறி அதுவே போட்டுக்கொண்டது. காணும் வேறு, காணோம் வேறு என்று விளக்கினேன். உடனே "மிக அருமையான நுணுக்கம்" என்று என்னைப் பாராட்டிவிட்டு, இது வெறும் மாவு அல்ல, அண்டை வீட்டாரின் அன்பு என்று அடுத்ததை எடுத்து நீட்டியது. லேப்டாப்பை மூடிவிட்டேன். முதலாளிக்கு என் வரியை அப்படியே அனுப்பினேன், அவர் அதைத் தன் வீட்டம்மாவிடம் படித்துக் காட்டியிருக்கிறார், அந்தம்மா சிரித்துவிட்டார்களாம், ஓகே ஆகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் இதில் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது. அது முதலில் காட்டுவதைப் பார்த்துவிட்டால் அதற்கு வெளியே நம் மூளை போவதே இல்லை, இது இந்த ஏஐ கருவிகள் வருவதற்கு முன்பும் இருந்த வியாதிதான். 1991-ல் ஜான்சன், ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பொறியியல் மாணவர்களைச் சிந்தாத காபிக் கோப்பை ஒன்று வரையச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படம், அதில் ஒரு ஸ்ட்ரா. ஸ்ட்ரா வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லியும் படம் பார்த்தவர்கள் பலர் ஸ்ட்ரா வைத்தே வரைந்து கொடுத்தார்கள். நான் இருபது வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தது அந்த ஸ்ட்ராவைப் பார்த்துக்கொண்டுதான். அக்கா அந்த இருபதையும் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு அம்மா ஞாபகம் வந்தது.

அதன் பிறகு ஆபீஸில் ஒரு வழக்கம் வைத்தோம். காலையில் முதல் ஒரு மணி நேரம் பேப்பர், பேனா, டீ மட்டும். அப்புறம் ஏஐயிடம் ஐம்பது வரி கேட்போம். வந்ததைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவோம், எதை எழுதக் கூடாது என்று தெரிந்துகொள்ள. இதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது என்று சத்தியம் செய்வேன், ஊரில் மற்ற ஏஜென்சிகள் அடுத்த மாதம் போடப்போகும் போர்டுகளை முன்கூட்டியே பார்த்துவிடுகிற மாதிரி. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த பையன், இப்போது சுவரைப் பார்த்து "அண்ணா, நான் எழுதினது இதுல மூணாவதா இருக்கு" என்று தானே கிழித்துப் போடுகிறான்.

ஆக, நண்பனுக்கு என் பதில்: போடாதே. உனக்கு பனியன் பையருக்கு மெயில் எழுத வேண்டும், அவ்வளவுதானே, அதற்கு எதற்குக் காசு? 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடி 399 ரூபாய்க்குத் திட்டம் கொண்டுவந்து, நவம்பரில் அதையே ஒரு வருஷம் இலவசம் என்றது. ஏர்டெல் சிம்முக்கு பெர்ப்ளெக்சிட்டி, ஜியோவுக்கு ஜெமினி என்று மற்ற ஏஐகளையும் கூவிக் கூவிக் கொடுத்தார்கள். சும்மா கிடைப்பதே ஊரெல்லாம் ஒரே வரியை எழுதும்போது, காசு கொடுத்து அதே வரியை நான் ஏன் வாங்க வேண்டும்? இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன், கார்டு விவரத்தைக்கூட நேற்றே எடுத்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் முதலாளியிடமிருந்து 22 நிமிஷ வாய்ஸ் நோட் வந்திருக்கிறது. "தம்பி, பொறுமையா கேளுங்க" என்று ஆரம்பிக்கிறார். கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.